ஏழு உழக்கில் ஓர் உழக்கு

விடுதி வாசலில் ஒரு செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உலகம்மாள் நின்றாள். கன்றுக்குட்டி அவள் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் அப்போதுதான் விடிந்திருந்தது. பங்குனி மாதம். வெயில் வருவதற்கு முன்பே புழுக்கம் வந்துவிட்டது. முதல் மணி அடித்துப் பல் விளக்கப் போன பிள்ளைகள் எல்லாம் வேப்பங்குச்சியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

“டீச்சரம்மாவக் கூப்புடுங்க. அந்தக் கண்ணாடிக் குச்சியையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. அவுக கண்ணு முன்னாலயே கறக்கேன்” என்றாள் உலகம்மாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டீச்சரம்மா என்றது என்னைத்தான். மாடி ஜன்னலில் பாதி பின்னிய சடையோடு நின்றுகொண்டிருந்தேன். பத்து நாளைக்கு முன்னால் அவளைப் பாலில் தண்ணீர் கலக்கிறவள் என்று சொன்னவள் நான். சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டு, விடை கண்டு, ஏழு உழக்கில் ஓர் உழக்குத் தண்ணீர் என்று அளவோடு சொன்னேன்.

எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சடையின் மறுபாதியைப் பின்னாமலே படியிறங்கினேன்.

கொடைக்கானலில் சரியாக இருந்தது

இது பெரிய யுத்தத்துக்கு இரண்டொரு வருஷம் முந்தி நடந்தது. வருஷத்தைச் சரியாகக் கேட்காதீர்கள். எனக்கு மாதமும் வெயிலும் நினைவிருக்கிற அளவுக்கு வருஷம் நினைவிருப்பதில்லை.

திசையன்விளையிலிருந்து வந்து, உபாத்திமைப் பயிற்சி முடித்து, பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுதியிலேயே வாசம். எனக்கு வயது இருபது. என் கர்வத்துக்கு நாற்பது வயது இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் தலைவி ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. நியாயமான மனுஷி, கண்டிப்பானவர். தமிழை ஏட்டில் படித்துக் கற்றுக்கொண்டதால் ஏட்டில் இருப்பது போலவே பேசுவார். அந்தத் துரைசானிதான் சீமையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். பெட்டிக்குள் நீல வெல்வெட்டு; வெல்வெட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குழல்.

“இது பாலைச் சோதிக்கும் கருவி, ஜெபமணி. சென்ற கோடையில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தேன். மிகவும் சரியாக இருந்தது” என்றார்.

விரல் பருமனில் ஒரு குழல். அடியில் குமிழ்; குமிழுக்குள் ஈயக் குண்டுகள். மேலே மெல்லிய காம்பு. காம்பில் கோடுகளும் எண்களும். பாலில் விட்டால் நட்டக்குத்தலாக மிதக்கும். பால் கெட்டியாக இருந்தால் குழலைத் தூக்கிப் பிடிக்கும், தண்ணீர் கலந்திருந்தால் குழல் உள்ளே இறங்கிவிடும். பால் மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘அடர்த்தி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் கிடையாது. ஒரே பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி நிறுத்துப் பார். அதே பாத்திரத்தில் பாலை நிரப்பி நிறுத்துப் பார். தண்ணீர் ஆயிரம் குன்றிமணி எடை இருந்தால் பால் ஆயிரத்து இருபத்தொன்பது இருக்கும் என்று நீட்டி முழக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேலே மிஞ்சுகிற அந்த இருபத்தொன்பதைத்தான் குழலின் காம்பில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் என்றால் பூஜ்யம், நல்ல பால் என்றால் இருபத்தொன்பது.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், விரலில் தொட்டு வழித்துப் பார்க்க வேண்டாம், யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம். ஓர் எண் வரும். அந்த எண் பொய் சொல்லாது என்று நம்பினேன்.

முட்டையும் கடலும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடன்குடியில் எனக்கு ஓர் அத்தை. கருப்பட்டி வாசம் வீசும் தெருவில் வீடு. மாங்காய் உப்பில் போடுகிற காலத்தில் பானைத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே இருப்பாள். நடுநடுவே ஒரு கோழிமுட்டையை அதில் விடுவாள். முட்டை அடியில் போய்ப் படுத்தால் இன்னும் உப்பு வேண்டும். மேலே வந்து நெற்றியைக் காட்டினால் போதும். முட்டை அதிகம் நெற்றியைக் காட்டிவிட்டால் “ஐயோ, கடுத்துப்போச்சு” என்று தண்ணீர் ஊற்றுவாள்.

சீமையிலிருந்து வந்த குழலும் அத்தையின் முட்டையும் ஒரே வேலையைத்தான் செய்தன. முட்டைக்கு வெல்வெட்டுப் பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஓர் அம்மாள், வியாபாரம் முடிந்ததும் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவாள். ஒருநாள் ஈரத்தலையோடு எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “கடல்ல நான் சும்மா கெடந்தாலும் அது என்னயத் தூக்கிக்கிடும். இந்த ஆத்துல நாந்தான் என்னயத் தூக்கிக்கிடணும்” என்றாள். அன்று சிரித்தேன். உப்புத் தண்ணீர் கனம், ஆற்றுத் தண்ணீர் லேசு என்பதை அவள் உடம்பே சொல்லிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இதெல்லாம் தெரிந்த வீட்டில் பிறந்தவள்தான் நான். தெரிந்திருந்தும் தப்புச் செய்தேன் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

“ஆமாக்கா, ஊத்துவேன்”

உலகம்மாளுக்கு ஊர் வெள்ளக்கோவில், ஆற்றங்கரை. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், கடிதாசு இல்லை. அவளுக்கு மிச்சம் அந்தச் செவலைப் பசு ஒன்றுதான். விடிந்ததும் கறந்து, பித்தளைத் தூக்குப்போணியில் ஊற்றி, நடந்தே கொண்டுவந்து விடுதியில் ஏழு உழக்குப் பால் ஊற்றுவாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகளுக்கு அந்தப் பால். போகிற வழியில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்கு அரை உழக்கு, கால் உழக்கு கொடுப்பாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஓர் உழக்கைத் தனியாக எடுத்து வைப்பாள். அது அவள் ஊர்ப் பிள்ளையாருக்கு அபிஷேகப் பால்.

மூன்று நாள் தொடர்ந்து அவள் ஊற்றிய பாலில் குழலை விட்டுப் பார்த்தேன். முதல் நாள் இருபத்தைந்து. இரண்டாம் நாள் இருபத்தைந்து. மூன்றாம் நாளும் இருபத்தைந்து. தினமும் ஒரே அளவாகக் கலக்கிறாளே, என்ன கைப்பழக்கம் என்று உள்ளுக்குள் மெச்சக்கூடச் செய்தேன். களவு செய்கிறவள் ஏன் இத்தனை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கணக்கு எளிது. இருபத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. குறைவது நான்கு. இருபத்தொன்பதில் நான்கு என்றால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஏழு உழக்கில் ஓர் உழக்குத் தண்ணீர்.

இதை வகுப்பிலும் ஒரு கணக்காகக் கொடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. விடுதிக்கு ஏழு உழக்குப் பால் கொண்டுவருகிறவள் ஒருத்திதான். பிள்ளைகள் சிலேட்டில் சரியாக விடை எழுதிக் காட்டினார்கள். நான் ஒவ்வொரு சிலேட்டிலும் ‘சரி’ என்று போட்டேன்.

நாலாம் நாள் காலையில் சமையற்கட்டு முற்றத்தில் துரைசானி, நான், சமையற்கட்டுக்குப் பொறுப்பான ஞானப்பூ அக்கா மூவரும் நின்றோம். உலகம்மாள் போணியை இறக்கி வைத்தாள். ஞானப்பூ அக்காதான் கேட்டாள்.

“ஏளா உலகம்மா, பால்ல தண்ணி ஊத்துதியா?”

உலகம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “ஆமாக்கா, ஊத்துவேன். ஊத்தாம எப்படிக் குடுக்க?”

நாங்களோ மறுப்பாள், சாமி மேல் சத்தியம் செய்வாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தோம்.

“எத்தனை காலமாக?” என்றார் துரைசானி.

“செவலை மொதக் கன்னு போட்ட நாள்லருந்துதான். எங்க ஆத்தாளும் ஊத்துனா. அவ ஆத்தாளும் ஊத்தியிருப்பா.”

“நீ உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆயினும் நாளை முதல் நீ பால் கொண்டுவர வேண்டாம்” என்றார் துரைசானி.

உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூணு சொட்டுக்கா வேண்டாங்குதிய?” என்றாள்.

அவள் சொன்னது இதுதான். பாலை விற்கிறவர்கள் வெறும் பாலைக் கொடுக்க மாட்டார்கள். வெளியே எடுக்குமுன் விரலைத் தண்ணீரில் நனைத்து மூன்று சொட்டு விடுவார்கள். “வெறும் பாலக் குடுத்தா, அங்கன ஒங்க அடுப்புல பால் காயும்போது இங்கன மாட்டுக்கு மடி காயும். அதுக்குத்தான் தண்ணி. வேற எதுக்கு?”

நான் கணக்கெழுதிக் கொண்டுவந்திருந்த சிலேட்டை நீட்டினேன். “மூணு சொட்டு இல்ல. ஒரு உழக்கு.”

அவள் எழுத்துத் தெரியாதவள். சிலேட்டை உற்றுப் பார்த்தாள். “இதுல என்ன எழுதியிருக்கு?”

“நீ ஏழு உழக்குல ஒரு உழக்குத் தண்ணி ஊத்துதன்னு எழுதியிருக்கு.”

“யாரு எழுதுனா?”

“நாந்தான்.”

“நான் ஊத்துனத நீங்க பாத்தியளா டீச்சரம்மா?”

“கண்ணாடி பாத்துச்சு” என்றேன்.

அவள் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவளை ‘நீ’ என்றுதான் பேசினேன். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவள் போணியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஞானப்பூ அக்கா பைய என்னிடம் சொன்னாள். “மாடு வச்சிருக்கிற எல்லா வீட்டுலயும் அந்த மூணு சொட்டு உண்டும், ஜெபமணி. நீ ஒரு உழக்குன்னு கணக்குக் காட்டுனியே, அதான் பேசாம இருந்துட்டேன்.”

வெள்ளிக்கிழமைப் பால்

விடுதியில் நிறுத்திவிட்டார்கள் என்ற சேதி அன்று மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் போய்விட்டது. மற்ற வீடுகளும் நிறுத்தின. துரைசானியின் கண்ணாடியே சொல்லிவிட்டதாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் பாலைத் தயிராக்கி, மோராக்கி, வெண்ணெய் எடுத்து எப்படியோ சமாளித்தாள். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் அபிஷேகப் பாலோடு கோயிலுக்குப் போனாள். பூசாரி செம்பை வாங்கவில்லை. இந்தப் பேச்சு அடங்கட்டும், அதுவரை நீ கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதை ஞானப்பூ அக்காவிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறாள். “சாமிக்கே தண்ணிப் பாலா ஊத்துனேன்னு கேக்காவக்கா. சாமிப் பாலுல நான் அந்த மூணு சொட்டுகூட விடுறது கெடையாது. அது காயப்போற பால் இல்லையே.”

அக்கா இதை என்னிடம் சொன்ன அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் என் கணக்கு தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பாவம், செய்துவிட்டாள், இப்போது கஷ்டப்படுகிறாள் என்றுதான் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அவள் பசுவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

மாடே கலந்துவிட்டதா?

நான் குழலோடு இறங்கிப் போனேன். துரைசானியும் வந்துவிட்டார். உலகம்மாள் போணியைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கையை விட்டுத் துடைத்துக் காட்டினாள். கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறந்தாள். பித்தளையில் பால் விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நாற்பது பிள்ளைகள் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

நுரை அடங்கியதும் உயரமான தம்ளரில் பாலை ஊற்றிக் குழலை விட்டேன். அது ஆடி, நின்றது.

இருபத்தைந்து.

துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். மறுபடியும் இருபத்தைந்து.

பின்னால் நின்ற ஒரு பொடிப்பெண் கேட்டாள், “டீச்சர், அப்பம் மாடே தண்ணி கலந்துட்டுதா?” பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். துரைசானியின் உதடுகூட அசைந்தது. எனக்குக் காது சுட்டது.

“என்ன சொல்லுது?” என்றாள் உலகம்மாள்.

“இருபத்தஞ்சு.”

“அண்ணைக்கு என்ன சொல்லுச்சு?”

“அண்ணைக்கும் இருபத்தஞ்சு.”

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். “குழல் பழுதடைந்திருக்கலாம்” என்றார் துரைசானி. அது எனக்கு ஒரு வழியாகப் பட்டது. கருவி கெட்டுவிட்டது, என் மேல் குற்றமில்லை. பெட்டியை மூடிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

உலகம்மாள் விடவில்லை. “கண்ணாடி பழுதுன்னு சொன்னா, நாளைக்கு வேற கண்ணாடி வரும் டீச்சரம்மா. அதுவும் இதையே சொல்லுச்சுன்னா? எம்பால் நல்ல பாலா இல்லையா, அதச் சொல்லுங்க. இங்கனயே இருக்கேன்.” பசுவை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

பொடி அச்சு

முதலில் குழல் கெட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பானைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். தண்ணீரில் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யக் கோடு தண்ணீருக்குள்ளேயே முங்கிப்போயிற்று. தண்ணீரிலும் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள்!

அப்போதுதான் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வெல்வெட்டுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருக்கிறேன். அச்சு பொடியாக இருந்தது; எனக்கோ எல்லாம் தெரியும்; அதனால் படிக்கவில்லை. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். இந்தக் கருவி பாரன்ஹீட் கணக்கில் அறுபது டிகிரி உஷ்ணத்துக்காகச் செய்யப்பட்டது என்று அதில் இருந்தது.

அறுபது! திருநெல்வேலிச் சீமையில் மார்கழி விடியற்காலையில்கூட அறுபது டிகிரியை யாராவது பார்த்திருக்கிறார்களா? துரைசானியின் அறையில் ஓர் உஷ்ணமானி மாட்டியிருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து பாலில் வைத்தேன். தொண்ணூற்றேழு.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. சூடேறினால் எந்தப் பொருளும் கொஞ்சம் பரந்துகொள்ளும். அதே பால்தான், ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை. ஆனால் பரந்து நிற்கிறது. அதனால் அதே உழக்கில் எடை குறைவாகப் பிடிக்கிறது. எடை குறைந்த பால் குழலைத் தாங்கவில்லை, குழல் இறங்குகிறது. கொடைக்கானல் குளிரில் சரியாக இருந்த குழல், பாளையங்கோட்டையில் மடிச்சூடு ஆறாத பாலில் பொய் சொல்லியிருக்கிறது. பொய் என்றுகூடச் சொல்லக்கூடாது. அது தாளில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது. நான்தான் காது கொடுக்கவில்லை.

“விளங்கிட்டுது” என்று உலகம்மாளிடம் ஓடினேன். சூடு, பரப்பு, எடை என்று படபடவென்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். “அப்பம் பால ஆறவச்சா சரியாச் சொல்லுமா?” என்றாள். “சொல்லும்.” “அப்படின்னா ஆறவச்சுக் காட்டுங்க. பொறவு நம்புதேன்.”

நியாயம்தானே. வாய்ப்பேச்சை நம்பி அவள் ஒருதடவை பட்டது போதும்.

கால் வீசை நவச்சாரம்

தம்ளரை ஈரச்சாக்கு சுற்றிய பானைக்குள் இறக்கி வைத்தோம். காலை ஜெபத்துக்கு மணி அடித்தது; துரைசானி போகவில்லை, நானும் போகவில்லை. உஷ்ணமானி எண்பத்திரண்டுக்கு வந்தது. குழல் இருபத்தேழை எட்டப் பார்த்தது. பிள்ளைகள் ‘ஆ’ என்றார்கள். அதற்குக் கீழே பால் குளிரவில்லை. பானைத் தண்ணீரே அவ்வளவு சூடு.

“அறுபதுக்கு எங்க போறது?” என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஐஸ் என்பதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம்.

ஞானப்பூ அக்கா மெல்லக் கேட்டாள். “ஏட்டி, ஈயம் பூசுத அண்ணாச்சி பாத்திரத்துக்குப் போட்டுத் தேய்க்க நவச்சாரம் வாங்கி வச்சிருக்கேன். அதத் தண்ணில கரைச்சா கை வெறைக்குமே. நான் ஒருநாள் தெரியாமக் கையை விட்டுட்டேன்.”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கால் வீசைப் பொட்டலம். முழுவதையும் சட்டித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினோம். சட்டியின் வெளிப்புறம் வேர்த்தது. பால் தம்ளரை அதற்குள் வைத்தேன். எழுபது. அறுபத்தாறு. அறுபத்திரண்டு. உலகம்மாள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது.

அறுபதில் குழலை விட்டேன். இறங்கியது, ஏறியது, ஆடியது. காம்பில் எண்ணைப் படிக்க எனக்குக் கண் மறைத்தது. துரைசானிதான் குனிந்து படித்தார்.

“இருபத்தொன்பது” என்றார்.

உலகம்மாளுக்கு இருபத்தொன்பது என்றால் என்னவென்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாளும் எங்கள் முன்னால் அடக்கி வைத்திருந்தது.

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். “சிலேட்டுல ஒரு கணக்குப் போட்டமே, அது தப்பு. ஒங்க விடை சரி. நான் குடுத்த கணக்கு தப்பு. இந்த அக்கா பால் நல்ல பால்” என்றேன்.

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இங்கன சொல்லிட்டிய. அங்கன யாரு சொல்லுவா?” என்றாள். கோயிலைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

கோயில் வாசலில் நான்

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் துரைசானியிடம் சொல்லிவிட்டு வெள்ளக்கோவிலுக்கு நடந்தேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “நீ எதைச் சொல்லப் போகிறாயோ அதை மாத்திரம் சொல்லிவிட்டு வா” என்றார்.

மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் நாங்கள். பிள்ளையார் கோயில் வாசலில் போய் நின்றது அதுதான் முதல் தடவை. உலகம்மாள் செம்பைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். பூசாரி வெளியே வந்தார்.

“நீங்க வேதக்காரப் பொண்ணு. எங்க சாமி பாலுக்கு நீங்களா சாட்சி?” என்றார்.

“சாட்சி சொல்ல வரல அண்ணாச்சி. இவுக பால்ல தண்ணின்னு சொன்னது நாந்தான். நான் சொன்னது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் கையை நீட்டினார். என்னிடம் இல்லை, உலகம்மாளிடம். அவள் செம்பைக் கொடுத்தாள். அவர் அதை உள்ளே கொண்டுபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் திரும்பினேன். வழியெல்லாம் ஆற்றுக் காற்று நன்றாக இருந்தது.

மறுநாள் காலை

மறுநாள் உலகம்மாள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். சமையற்கட்டு முற்றத்தில் போணியை இறக்கினாள். துரைசானி இருந்தார், ஞானப்பூ அக்கா உழக்கைக் கழுவி வைத்துக்கொண்டு இருந்தாள், ஜன்னல் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணாடிக் குழல் பெட்டியோடு என் அறையில் இருந்தது; நான் எடுத்துவரவில்லை.

அவள் பாலை ஊற்றாமல் நின்றாள்.

“என்ன உலகம்மா, ஊத்து” என்றாள் அக்கா.

அவள் போணி மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “இண்ணைக்குத் தண்ணி தொடல டீச்சரம்மா. தொட்டா மறுபடி ஏதாவது சொல்லிருவியளோன்னு கை வரல. தொடாமக் குடுக்கவும் பயமா இருக்கு. செவலைக்கு ஏதாவது ஆயிட்டுதுன்னா?”

மூன்று சொட்டுத் தண்ணீர் ஏழு உழக்குப் பாலில் என்ன செய்யும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். எந்தக் குழலும் அசையாது. மாட்டின் மடியும் எங்கள் அடுப்பும் ஒன்றையொன்று அறியாது என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வைத்துக்கொண்டுதான் பத்து நாளாக இந்த மனுஷியை அழவைத்திருந்தேன்.

பானைத் தண்ணீரில் விரலை நனைத்தேன். “மூடிய எடுங்க” என்றேன்.

துரைசானி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. உலகம்மாள் மூடியை எடுத்தாள். என் விரலைப் பாலுக்கு மேலே பிடித்து உதறினேன்.

அவள் குனிந்து போணிக்குள் உற்றுப் பார்த்தாள்.

“மூணு சொட்டு டீச்சரம்மா” என்றாள். “ரெண்டுதான் விழுந்திருக்கு.”

விரலை மறுபடியும் நனைத்தேன்.